படைபுகக் காத்திருப்போர்

வைகறையில் நம் நாட்டு ஊர்ப்புறங்களில் வழிச்செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். ஏரிக்கரையின் மீதும், பள்ளித் திடலிலும், வண்டிப் போக்குக் குறைந்த பெருஞ்சாலை ஓரத்திலும் பதினெட்டு, பத்தொன்பது வயதினராகிய இளைஞர் சிலர் வியர்வை வழிய ஓடிக்கொண்டிருப்பர். அவர் உடல்நலம் கருதி உலாவுவோர் அல்லர். விளையாட்டுப் பந்தயத்திற்குப் பழகுவோரும் அல்லர். பட்டாளத்திற் சேர்வதற்கே அவர் ஓடுகின்றனர். 1.6 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நிமிடத்திற்குள் ஓடி முடித்தால் முழு மதிப்பெண் கிட்டும் என்பது அவர்தம் உள்ளத்திற் பதிந்த கணக்கு. அக்கணக்கிற் பத்து நொடியைக் குறைப்பதற்கு அவர் பல திங்கள் உழைப்பர்.

ஆனால், அவ்வோட்டம் முடிந்தபின் அவரை எதிர்நோக்கி நிற்பது வேறொரு காலக்கணக்கு. அது நொடியால் அளக்கப்படுவதன்று. திங்களாலும் ஆண்டாலும் அளக்கப்படுவது. இத்தனை நிமிடத்தில் ஓடுக என இளைஞனுக்கு வரையறை விதிக்கும் அரசுகள், இத்தனை நாளில் விடை கூறுவோம் எனத் தமக்குத் தாமே வரையறை விதித்துக் கொள்வது அரிது. இவ்விரு காலக்கணக்குகளுக்கும் இடையே கிடந்து துன்புறுவோர் நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படைக்கு ஆள் தெரிதல் எளிய வினையன்று என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ள வேண்டும். கையிற் படைக்கலம் ஏந்தி நாட்டைக் காக்க வேண்டியவனை ஒரு நாளில் ஆராய்ந்து தேர்தல் இயலாது. அவன் வயதும் கல்வியும் உண்மையோ எனச் சான்றுகளைக் கொண்டு காணல் வேண்டும். அவன் மீது குற்ற வழக்கு உண்டோ எனக் காவற்றுறையார் வாயிலாக அறிதல் வேண்டும். கண், செவி, பல், நெஞ்சு, எலும்பு ஆகிய உறுப்புகள் குறையற்றனவோ என மருத்துவர் நோக்குதல் வேண்டும். குறை காணப்படின், அதனை மறுமுறை ஆராயுமாறு வேண்டுதற்கு வாய்ப்பளித்தல் அறமாகும். இவையனைத்தும் முடிந்தபின், பயிற்சி நிலையத்தில் இடம் இருத்தல் வேண்டும்; ஒரே காலத்தில் எல்லாரையும் பயிற்றுதல் ஆகாது. ஆதலின் சில திங்கள் செல்லுதல் முறையே. அதனைக் குறைகூறுவார் இலர்.

திருவள்ளுவனாரும் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என ஆள்தெரியும் முறைக்கு இரண்டு அதிகாரங்களை வகுத்துள்ளார். ஆயினும் அவற்றிற்கு முன்னரே 'காலமறிதல்' என்னும் அதிகாரத்தை அவர் வைத்துள்ளமை நம் கருத்திற்குரியது. ஆராய்ந்து தேர்தல் நன்று. ஆராய்ச்சி என்னும் பெயரால் காலத்தை அறியாது கழித்தல் நன்றன்று. வேண்டிய காலத்தாழ்வு வேறு. வீண் காலத்தாழ்வு வேறு. இவ்விரண்டினையும் பிரித்துணர்தலே ஈண்டு நாம் செய்யத்தக்கது.

வீண் காலத்தாழ்வு எவ்வாறு பிறக்கின்றது? ஒருவனும் தீய எண்ணத்தோடு அதனைச் செய்வதில்லை. ஆள்சேர்ப்பு என்பது பல படிகளையுடைய ஏணி போன்றது. ஒவ்வொரு படியிலும் ஓர் அலுவலர் இருக்கின்றார். ஒவ்வொருவரும் தம் முன்னையவர் கடமை முடியுமளவும் காத்திருக்கின்றார். முதற்படியில் ஒரு கிழமை, இரண்டாம் படியில் மூன்று கிழமை, மூன்றாம் படியில் மருத்துவரின் மறுமொழிக்காக இரண்டு திங்கள் எனத் தாழ்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. இடையில் ஒரு சான்றிதழின் காலம் முடிந்துபோகின்றது. ஆறு திங்களுக்குள் வாங்கிய நன்னடத்தைச் சான்றே ஏற்கப்படும் என்னும் விதி இருப்பின், ஏழாம் திங்களில் அதனை மீண்டும் வாங்க வேண்டியதாகின்றது. இங்ஙனம் தாழ்வே தாழ்வை ஈனுகின்றது. எந்த அலுவலரைக் கேட்பினும், தம் மேசையில் அக்கட்டு நெடுநாள் தங்கவில்லை என்றே மெய்யாகக் கூறுவர். குற்றம் ஒருவரிடத்தும் இல்லை. கேடோ முழுவதும் இளைஞன் தலைமேல் விழுகின்றது.

இதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்றைக் காண்போம். பிரிட்டன் தன் தரைப்படைக்கு ஆள் சேர்க்கும் வேலையில், 2012-ஆம் ஆண்டில் காப்பிட்டா என்னும் தனியார் நிறுவனத்தோடு பத்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆள்சேர்ப்பு மேசைகளில் அமர்ந்திருந்த போர்வீரரை அவர்தம் உரிய தொழிலுக்கு அனுப்பலாம், செலவும் குறையும் என்பன அதன் நோக்கங்கள். இதற்கென வகுத்த கணினி முறை, குறித்த காலத்திற்கு 52 திங்கள் பிந்தி, 2017-ஆம் ஆண்டு நவம்பரிலேதான் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இம்முயற்சியின் நிலையை எடுத்துரைத்தது. 2018-19-ஆம் ஆண்டின் முதல் ஆறு திங்களில், விண்ணப்பம் தொடங்கிப் பயிற்சி தொடங்கும் வரையில், விண்ணப்பித்தோரிற் பாதிப்பேருக்கு 321 நாள் வரையிற் சென்றது. எஞ்சிய பாதிப்பேருக்கு அதனினும் மிகுதியாயிற்று. 2017-18-ஆம் ஆண்டில் சிப்பாய் வேலைக்கு விண்ணப்பித்தோரில் நூற்றுக்கு 47 பேர் தாமே விலகிச் சென்றனர். தாழ்வு நீண்டமையே அவ்விலகலுக்கு ஒரு காரணம் எனப் படையினரும் நிறுவனத்தாரும் ஒருங்கே கருதினர். 2013-ஆம் ஆண்டு முதலாக அவ்வறிக்கை வெளிவந்த காலம் வரையில் ஓர் ஆண்டிலேனும், வேண்டிய தொகையினரை அந்நிறுவனம் சேர்த்துத் தரவில்லை.

இதனினின்று நாம் அறிவது யாது? காலத்தாழ்வு ஒரு சல்லடையாகும். ஆனால் அது திறமையற்றவரை நீக்கும் சல்லடையன்று. வேறு வேலை கிடைக்கப் பெற்றவனே முதலில் விலகுவான்; வேறு வேலை எளிதிற் கிடைப்பது திறமையுடையவனுக்கே. ஆகவே ஓராண்டு காத்திருக்கச் செய்யும் படை, தான் அறியாமலே தனக்கு வேண்டியவரை வெளியே நிறுத்திக் கதவடைக்கின்றது. இழப்பு விண்ணப்பித்தோனுக்கு மட்டும் உரியதன்று, நாட்டிற்கும் உரியது.

எனினும் பிரிட்டன் இளைஞனுக்கு விலகிச் செல்லும் உரிமையேனும் இருந்தது. சலிப்புற்றவன் வேறு தொழில் நாடினான். வேறு தொழில் அரிதாகிய நாட்டில், விலகிச் செல்ல இயலாத இளைஞன் நிலை என்னாகும்? இதற்கு நம் நாட்டின் அண்மைக்கால வரலாறே விடை கூறும்.

இந்தியத் தரைப்படை 2018-19-ஆம் ஆண்டில் 53,431 பேரையும், 2019-20-ஆம் ஆண்டில் 80,572 பேரையும் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டிற் பெருந்தொற்று நேர்ந்தது. 2020-21, 2021-22 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தரைப்படைச் சிப்பாய்ச் சேர்ப்பு நடைபெறவில்லை என அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. அக்காலத்தே கடற்படையும் வான்படையும் ஓரளவு ஆள் சேர்த்தன; பெருந்தொகையினரை ஏற்பதாகிய தரைப்படையே வாயில் அடைத்திருந்தது. 2020-21-ஆம் ஆண்டிற்கெனத் திட்டமிட்ட ஆள்சேர்ப்பு முகாம்கள் 97. அவற்றுள் நடந்தவை 47. அந்த 47-இலும், எழுத்துத் தேர்வு வரையில் முடிந்தவை நான்கே.

இவ்வெண்களின் பொருளைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். நடைபெறாத முகாமிற்கு வரக் கருதியிருந்தவன், முகாம் இல்லை என்பதையேனும் அறிந்தான். நடந்த முகாம்களில் ஓடியும், கம்பியிற் பற்றித் தொங்கி எழுந்தும், ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்டியும், மருத்துவச் சோதனையில் தேறியும் வந்தவன் நிலையே இரங்கத்தக்கது. அவன் கையில் எழுத்துத் தேர்வுக்குரிய அநுமதிச் சீட்டு இருந்தது. தேர்வு நாள் குறிக்கப்பட்டது, ஒத்தி வைக்கப்பட்டது, மீண்டும் ஒத்தி வைக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தே ஆயிரக்கணக்கானோரை ஓரிடத்திற் கூட்டாமை அறிவுடைமையே. அதனைப் பழிப்பார் யார்? ஆனால் ஒத்திவைத்தல் என்னும் சொல், பின்னர் நடத்துவோம் என்னும் உறுதியையும் தன்னகத்தே கொண்டுள்ளது. இளைஞர் அச்சொல்லை நம்பினர். அதற்கேற்பத் தம் வாழ்க்கையையும் ஒத்திவைத்தனர்.

2022-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், அரசு 'அக்னிபாத்' என்னும் புதிய திட்டத்தை அறிவித்தது. சேர்வோர் நான்கு ஆண்டே பணிபுரிவர். அவருள் நூற்றுக்கு 25 பேர் வரையிலேயே நிலைத்த பணிக்குத் தேர்ந்து கொள்ளப்படுவர். வயது பதினேழரை முதல் 21 வரை என்பன அன்று அறிவித்த விதிகள். பழைய முறையில் பாதிவழி வந்தோரும் புதியவராகவே மீண்டும் முதற்படியினின்று தொடங்க வேண்டும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. வடநாட்டிலும் தெலங்கானாவிலும் கிளர்ச்சி எழுந்தது, புகைவண்டிகள் எரிந்தன, உயிரிழப்பும் நேர்ந்தது. அவ்வன்செயலை நாம் ஏற்பவரல்லேம். பொதுச்சொத்தை எரித்தல் எத்துயரத்திற்கும் மருந்தாகாது. ஆயினும், நோயை அறியாது அதன் வெளிப்பாட்டை மட்டும் பழிப்பதும் கற்றோர்க்கு அழகன்று.

இரண்டு ஆண்டு சேர்ப்பு இன்மையைக் கருதி, ஜூன் 16-ஆம் நாள், அவ்வாண்டிற்கு மட்டும் வயதெல்லையை 23-ஆக அரசு உயர்த்தியது. அது நற்செயலே. ஆயினும் அது யாரைக் காத்தது, யாரைக் காவாது விட்டது என்பதைக் கணக்கிட்டுக் காண்போம். பொதுச் சிப்பாய் வேலைக்குப் பழைய எல்லை 21 வயது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்திற் பிறந்தவன் ஒருவனைக் கொள்வோம். 2020 மார்ச்சில் அவனுக்கு 19 வயதும் பத்துத் திங்களும் நிரம்பியிருந்தன. 2022 ஜூனில் 22-ஐக் கடந்தான். சலுகையால் அவனுக்கு ஒரே ஒரு வாய்ப்புக் கிடைத்தது. 1999-ஆம் ஆண்டு மே மாதத்திற் பிறந்தவனோ, 2020 மார்ச்சில் எல்லைக்குள்ளேதான் இருந்தான். 2022 ஜூனில் 23-ஐக் கடந்துவிட்டான். அவன் தோற்றவனல்லன், அவனைத் தகாதவன் என்று கூறியவரும் இலர். ஆயினும் அவன் இனி அவ்வாயிலுட் புகுதல் ஆகாது. நாட்காட்டியே அவனை நீக்கியது.

ஆதலினாலேதான், வயதெல்லை உள்ள வேலையில் காலத்தாழ்வு என்பது தீர்ப்பில்லாமை அன்று. அதுவே ஒரு தீர்ப்பு என்கின்றோம். பிற வேலைகளில் அரசு ஓராண்டு தாழ்ப்பின், விண்ணப்பித்தோன் ஓராண்டை இழப்பான். இதில் ஓராண்டு தாழ்ப்பின், அவன் தகுதியையே இழப்பான். தகுதி இழந்தமைக்குக் காரணமும் அவனுக்குக் கூறப்படாது. கூறுவதற்கு ஒருவரும் தீர்ப்புச் செய்திலரே!

இனி, இத்தாழ்வு இளைஞர் வாழ்விற் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது உடல். நெல்லைக் குதிரிற் சேமிக்கலாம். பொருளைப் பேழையிற் சேமிக்கலாம். உடல் வலிமையைச் சேமித்து வைக்க இயலாது. ஐந்தரை நிமிடத்தில் ஓடும் ஆற்றலை இன்று பெற்றவன், அதனை அடுத்த ஆண்டிலும் உடையவனாக இருத்தற்கு நாள்தோறும் ஓடுதல் வேண்டும். அதற்கேற்ப உண்ணுதல் வேண்டும். பாலும் முட்டையும் ஏழை வீட்டிற் செலவன்றோ? ஓட்டத்தில் முழங்கால் நொந்தாலோ, இதுகாறும் குறையாக இல்லாதது மருத்துவர் முன் குறையாகிவிடும்.

இரண்டாவது பொருள். பயிற்சிக் கூடங்களுக்குக் கட்டணம், சான்றிதழ்களுக்கு அலைச்சல், முகாமிற்குப் பயணம் ஆகியவற்றிற்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் பல. தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் உண்டு. ஆயினும் கடைக்கோடிச் சிற்றூரான் ஒருவனுக்கு முகாம் என்பது ஓரிரவுப் பயணமும் தெருவோர உறக்கமும் ஆகும். காத்திருக்கும் காலத்தே நிலையான வேலையை அவன் ஏற்பதில்லை. நாளை அழைப்பு வந்தால் விட்டுச் செல்ல வேண்டுமே என்னும் நினைவே காரணம். முதலாளியும் அத்தகையவனை ஏற்க விரும்புவதில்லை.

மூன்றாவது கல்வி. பட்டாளக் கனவினால் கல்லூரியிற் சேராதவர் உளர். சேர்ந்தும் இடையில் விட்டவரும் உளர். பதினெட்டு முதல் இருபத்து மூன்று வரையிலுள்ள பருவம் ஒரு தொழிலைக் கற்பதற்கு உரிய பருவம். அப்பருவம் முழுவதையும் ஒரு வாயிலின் முன் நின்று கழித்தவன், அவ்வாயில் அடைபடும்போது வேறு எத்தொழிலின் முதற்படியிலும் தன்னினும் இளையோர் பின்னே நிற்க வேண்டியவனாகின்றான்.

நான்காவதும் கொடியதுமாவது உள்ளத்தின் நிலை. தோல்வியைத் தாங்குதற்கு மனிதன் உள்ளத்தில் இடம் உண்டு. இல்லை என்னும் சொல்லைக் கேட்டவன் ஒரு நாள் அழுவான். மறு நாள் எழுவான். வேறு வழி தேடுவான். ஆனால் உண்டு என்றும் இல்லை என்றும் கூறப்படாதவன் அழவும் இயலான், எழவும் இயலான். அவன் நம்பிக்கையே அவனுக்குத் தளையாகின்றது. ஊரார் நாள்தோறும் கேட்பர், "இன்னும் வரவில்லையா?" என்னும் வினாவுக்கு விடை கூறிச் சலித்து, அவன் ஊரார் நடமாடும் வழியையே தவிர்ப்பான்.

எம் ஊரில் எமக்கு மூத்தவராகிய அண்ணன் ஒருவர் இருக்கின்றார். 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓட்டத்திலும் மருத்துவச் சோதனையிலும் தேறினார். எழுத்துத் தேர்வுதானே எஞ்சியது என்று மகிழ்ந்து, அவர் அன்னையார் சந்தையிலிருந்து தகரப் பெட்டி ஒன்றும் பூட்டு ஒன்றும் வாங்கி வந்தார். அப்பெட்டியின் மூடியில் அண்ணன் தம் பெயரை வெள்ளை வண்ணத்தால் எழுதினார்; பெயரின் கீழே படை எண் எழுதுவதற்கு இடம் விட்டு வைத்தார். யாம் அப்போது பள்ளிச் சிறுவராக இருந்து அதனை வியந்து நோக்கினோம். ஓராண்டிற்கு மேல் அவர் காத்திருந்தார். அதற்கிடையே நூல் ஆலை ஒன்றில் கிடைத்த வேலையையும் வேண்டாமென்றார். புதிய திட்டம் வந்தபோது அவருக்கு 23 வயது கடந்துவிட்டது. இன்று அப்பெட்டியில் அவர் வீட்டார் விதைநெல் வைத்திருக்கின்றனர். பெயரின் கீழ் விட்ட இடம் அப்படியே கிடக்கின்றது. இக்கட்டுரை எழுதப்புகுமுன் யாம் அவரிடம் பேசினோம். அவர் யாரையும் வையவில்லை. "வேண்டாம்னு அப்பவே சொல்லியிருந்தாப் போதும், தம்பி" என்ற ஒன்றே கூறினார்.

அவர் வேண்டியது வேலையன்று, விடை. இந்த வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

இதற்குச் சட்டம் யாது கூறுகின்றது என வினவலாம். தேர்வுப் பட்டியலிற் பெயர் இடம்பெற்ற அளவில் ஒருவனுக்கு நியமனம் பெறும் உரிமை உண்டாகாது என உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் 1991-ஆம் ஆண்டில் ஒரு வழக்கிற் கூறியுள்ளது. எனினும், அரசு தான் விரும்பியவாறெல்லாம் நடக்கலாம் என்பது அதன் பொருளன்று என்றும், நியமிக்காமைக்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும் என்றும் அத்தீர்ப்பே தெளிவுபடுத்தியது. அக்னிபாத் திட்டத்தை எதிர்த்த வழக்குகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் தள்ளியது. அத்தீர்ப்பின் மீது முறையிட்டோர், பழைய சேர்ப்பு முறையைத் தொடர வேண்டும் என வேண்டியதையும், உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் ஏற்கவில்லை. நீதிமன்றங்களின் முடிவை நாம் மதிக்கின்றோம். படையை எவ்வாறு அமைப்பது என்பது அரசு துணிய வேண்டிய செய்தி. ஆனால் சட்டத்தின் எல்லையும் அறத்தின் எல்லையும் எங்கும் ஒன்றாக அமைவதில்லை. நியமனம் தருக எனக் கேட்டற்கு உரிமையில்லாதவனுக்கும், நாளைக் கூறுக எனக் கேட்டற்குத் தகுதி உண்டு என்பதே நம் துணிபு.

'பெரும் படைக்கு விரைந்து ஆள் சேர்த்தல் இயலாது' என்பார்க்கு வரலாறு விடை தரும். 1939-ஆம் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரைக் கொண்டிருந்த இந்தியத் தரைப்படை, 1945-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 25 லட்சம் பேரைக் கொண்டதாயிற்று. கணினியும் தொலைநகலும் இல்லாத காலம் அது. அப்படை கட்டாயத்தாலன்றி விருப்பத்தாற் சேர்ந்தோரைக் கொண்டதும் ஆகும். போர்க்காலத்துத் தேவையும் அமைதிக் காலத்துத் தேவையும் ஒன்றல்ல என்பது மெய்யே. ஆயினும், விரைவு என்பது கருவியைப் பொறுத்ததன்று, கருத்தைப் பொறுத்தது என்பதை அது காட்டுகின்றது. அரசுக்கு ஆள் வேண்டும்போது நாள்கள் சுருங்குகின்றன. ஆளுக்கு அரசு வேண்டும்போது நாள்கள் நீள்கின்றன.

நன்மாற்றங்களும் நிகழாமல் இல்லை. 2023-ஆம் ஆண்டு முதல் நம் தரைப்படை எழுத்துத் தேர்வைக் கணினி வழியாக முதலில் நடத்தி, அதில் தேறியோரை மட்டும் ஓட்டத்திற்கு அழைக்கும் முறையைக் கொணர்ந்தது. இதனால் பல்லாயிரவர் ஓடிக் களைத்தபின் எழுத்துத் தேர்வுக்காக ஏங்கிக் கிடக்கும் நிலை நீங்குவதற்கு வழி பிறந்தது. பிரிட்டனில் 2024-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, விண்ணப்பித்தோனுக்குப் பத்து நாளில் நிபந்தனையோடு கூடிய அழைப்பும், முப்பது நாளிற் பயிற்சி தொடங்கும் நாளும் தருவதே தன் குறிக்கோள் என அறிவித்தது. குறிக்கோளை அடைதல் வேறு, அறிவித்தல் வேறு எனினும், அரசு தனக்குத் தானே ஒரு நாள்வரையறை விதித்துக்கொள்ளத் துணிந்தமை பாராட்டத்தக்கது. ஓடுவோனுக்கு மட்டுமன்றி ஓட்டுவோனுக்கும் கடிகாரம் வேண்டும் என்பதன்றோ அதன் கருத்து?

இவற்றோடு மூன்று நெறிகளைக் கைக்கொள்ளின் பெருந்துயர் நீங்கும் என எண்ணுகின்றோம். ஒன்று: ஒருவன் முதற்படியில் ஏறிய நாளில் அவனுக்கிருந்த வயதையே இறுதி வரையில் அவன் வயதாகக் கொள்ளுதல். அரசின் தாழ்வால் இளைஞன் மூப்படைதல் கூடாது. இரண்டு: ஒவ்வொரு படிக்கும் நாள்வரையறை கூறுதல், கூறிய நாள் தவறின், காரணத்தையும் புதிய நாளையும் எழுத்தால் அறிவித்தல். மூன்று: கொள்ளப்படாதவனுக்கு அதனை உடனே கூறுதல். இம்மூன்றனுள் முதலாவதற்கு விதி மாற்றம் வேண்டும். இரண்டாவதற்குச் சிறு உழைப்பு வேண்டும். மூன்றாவதற்கோ ஒரு தாளும் ஒரு மைத்துளியுமே வேண்டும்.

காத்திருக்கும் உடன்மாணாக்கர்க்கும் ஒரு சொல். நம் கல்லூரியிலும் நாட்டுப்பற்றால் படைநோக்கி நிற்போர் உளர். அவர் தம் விருப்பத்தைக் கைவிட வேண்டுவதில்லை; ஆனால் படிப்பைக் கைவிடாதிருக்க. ஒரு வாயிலை நோக்கி நிற்பவன் மற்றொரு வாயிலின் திறவுகோலையும் மடியில் வைத்திருத்தல் அறிவுடைமை.

வேதாகமத்தில் நியாயாதிபதிகளின் ஏழாம் அதிகாரம் படைக்கு ஆள்தெரிந்த வரலாறு ஒன்றைக் கூறுகின்றது. கிதியோன்பின் வந்தோர் 32,000 பேர். அச்சமுடையோர் திரும்பலாம் என்றபோது 22,000 பேர் திரும்பினர். எஞ்சிய 10,000 பேரும் நீர்த்துறைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்; அவர் நீர் பருகிய முறையைக் கண்டு 300 பேரே தெரிந்து கொள்ளப்பட்டனர். இவ்வரலாற்றைக் கேட்போர் யாவரும் அம்முந்நூற்றுவரையே நினைப்பது வழக்கம். நாமோ இன்று மற்றையோரை நினைக்கின்றோம். 31,700 பேர் வேண்டாமென நீக்கப்பட்டனர். ஆயினும் ஆற்றங்கரையில் நிற்கவைத்து ஒருவரையும் ஆண்டுக்கணக்காக ஏங்கவிட்டதாக அங்கே இல்லை. அவரவர் தம் இடத்திற்கு அனுப்பப்பட்டனர். வீட்டில் அவர்தம் கழனி காத்திருந்தது. அவர் உழச் சென்றிருப்பர்.

நம்முள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் ஏதேனும் ஓர் அலுவலகத்தின் மேசைக்குப் பின்னே அமர்வோம். முன்னரே அமர்ந்திருக்கும் பழைய மாணவரும் இவ்விதழைப் படிப்பர். படை அலுவலகமே ஆகவேண்டும் என்பதில்லை. பள்ளியாகலாம், வங்கியாகலாம், திருச்சபை அலுவலகமாகலாம். நம் கைக்கு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தின் பின்னும் எங்கோ ஒரு வீட்டில் பெயர் எழுதிய பெட்டி ஒன்று இருக்கும். ஆம் என்று கூறும் ஆற்றல் எப்பொழுதும் நம் கையில் இராது. விரைந்து விடை கூறும் ஆற்றல் பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கும்.